காலாண்டில் 241: "படிக்க மனசே வரல" என்கிற பெண்ணை என்ன செய்வது?

8 அக்டோபர் 2024 (அம்மாப்பேட்டை வாசகி கேட்டது)

மகள் பத்தாவது, தமிழ் வழி. காலாண்டில் தமிழ் 62, ஆங்கிலம் 48, கணக்கு 31, அறிவியல் 44, சமூக அறிவியல் 56. ஆக 241. ஒன்பதாவது வரைக்கும் இவ்வளவு மோசமில்லை. திட்டியாச்சு, கெஞ்சியாச்சு. நானூறு எடுத்தால் போன் வாங்கித் தருவதாக அவள் அப்பாவும் சொல்லிவிட்டார். "படிக்கணும்னு மனசே வரல" என்பதுதான் பதில். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்துதான் இருக்கிறாள். ஊக்கம் வர என்ன வழி?

9 அக்டோபர்

ஊக்கத்தைத் தேடுவதை இந்த வாரம் நிறுத்தி வையுங்கள் தங்கச்சி. விடைத்தாள்களைத் தேடுங்கள். பள்ளி திறந்ததும் கொடுத்திருப்பார்கள். நாலாக மடித்துப் பையின் அடியில் கிடக்கும்.

நான் வாத்தியார் இல்லை, சேலம் கொண்டலாம்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன். பிள்ளைகளின் படிப்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்லாவுக்கு இந்தப் பக்கம் இருந்துதான். பரீட்சைக்கு முந்தின நாள் மாலை அடுத்தவன் நோட்டை அட்டையிலிருந்து அட்டை வரை ஜெராக்ஸ் எடுக்க ஒரு கூட்டம் வரும். தாள் சூடாக வெளியே வரும்போதே பாதி படித்துவிட்ட திருப்தி முகத்தில் தெரியும். ஸ்டேப்ளர் அடித்துக் கொடுத்தால் முழுத் திருப்தி. பிட் அடிக்கப் பொடி எழுத்தில் மைக்ரோ ஜெராக்ஸ் கேட்டு வருகிற அய்யாமார் தனி ரகம். அவர்களுக்கு எப்போதும் மெஷின் ரிப்பேர்தான்.

கடைக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறது. வீட்டில் தறி ஓடுகிற பிள்ளைகள் சத்தத்துக்குத் தப்பி வந்து அங்கே உட்காரும். அந்த அறையில் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்: "மனசு வரல" என்கிற பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. கணக்கில் 31 எடுத்தால் அறுபத்தொன்பது மார்க் போனது தெரியும். எந்த அறுபத்தொன்பது என்று தெரியாது.

கணக்குத் தாளை எடுங்கள். போன மார்க்கையெல்லாம் நாலு கூறாகப் பிரியுங்கள்: சுத்தமாகத் தெரியாதது, தெரிந்தும் தப்பாகப் போட்டது, நேரமில்லாமல் விட்டது, முயற்சியே செய்யாமல் தாண்டிப் போனது. பிரிப்பது அவள் வேலை. நீங்கள் பக்கத்தில் இருக்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. இந்த நிபந்தனைதான் கஷ்டம் என்று எனக்கும் தெரியும்.

9 அக்டோபர், இரவு

ஊக்கம் தருகிற பேச்சுகளை யூடியூபில் போட்டுக் காட்டினால் தானாக வெறி வரும் என்கிறார் ஓமலூர்க்காரர் ஒருவர். வரும் சார். ராத்திரி பத்தரைக்கு வரும், கலர் கலராகப் பேனா எடுத்து ஒரு டைம்டேபிள் போட வைக்கும். காலை நாலரைக்கு அலாரம் அடிக்கும்போது இருக்காது. அந்த டைம்டேபிளை லேமினேட் பண்ணக் கொண்டு வருகிற பிள்ளைகள் உண்டு. எனக்கு வியாபாரம், குறை சொல்ல மாட்டேன்.

11 அக்டோபர்

இன்று எல்லா வீட்டிலும் புத்தகம் சரஸ்வதிக்கு முன்னால். "பூஜையில் வச்சதை எடுக்கக் கூடாது" என்கிற ஒரே சாஸ்திரத்தை மட்டும் நம் பிள்ளைகள் சுத்தமாகக் கடைப்பிடிக்கும். இருக்கட்டும், விடைத்தாளைப் பூஜையில் வைத்திருக்க மாட்டார்கள். அதைப் பார்க்கலாம்.

14 அக்டோபர்

அம்மாப்பேட்டைத் தங்கச்சி கணக்கை அனுப்பிவிட்டார். ஒரு மார்க் கேள்வியில் 14க்கு 6. இரண்டு மார்க்கில் 20க்கு 9. ஐந்து மார்க்கில் 50க்கு 16. எட்டு மார்க் கேள்வி இரண்டும் வெறும் தாள்.

அந்தக் கடைசி வரியைத்தான் பார்க்க வேண்டும். பத்தாம் வகுப்புக் கணக்கில் 43வது கேள்வி செய்முறை வடிவியல், 44வது வரைபடம். இரண்டுக்கும் எட்டெட்டு மார்க், இரண்டிலும் 'அல்லது' உண்டு. பாடம் முழுதும் தெரிந்தால்தான் எழுத முடியும் என்றில்லாத இடம் இந்தப் பதினாறு மார்க். முக்கோணத்துக்கு உதவிப்படம் போட்டு, அளவு குறித்து, வரிசையாக வரையப் பழகினால் போதும். கிராஃபில் அட்டவணை, அச்சுகள், அளவுத்திட்டம் என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் இருக்கிறது. 31ஓடு இதில் பாதி வந்திருந்தாலே பாஸ்.

ஏன் விட்டாள் என்று கேட்டதற்கு, "காம்பஸ் லூசா இருக்கு, வட்டம் சேரமாட்டேங்குது" என்றாளாம்! இது எனக்குப் பழக்கமான வியாதி. ஆறாவதில் வாங்கிய ஜியாமெட்ரி பாக்ஸ், காம்பஸ் தலையில் இருக்கிற திருகு தேய்ந்திருக்கும். அரை வட்டம் போவதற்குள் கால் விரிந்துவிடும், தொடங்கின இடத்துக்கு ஒரு நூல் தள்ளி வந்து நிற்கும். அழித்து அழித்துத் தாள் மேலெல்லாம் கரி. இரண்டு தடவை இப்படி ஆனால் பிள்ளை அந்தக் கேள்வியையே வெறுத்துவிடும். வீட்டில் இருப்பவர்களுக்கு அது சோம்பேறித்தனமாகத் தெரியும்.

நல்ல காம்பஸ் ஒன்று வாங்குங்கள். என் கடையில்தான் வாங்க வேண்டுமென்றில்லை. பென்சிலைக் காம்பஸில் மாட்டும்போது அதன் முனையும் ஊசி முனையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். குட்டைப் பென்சிலாக இருந்தால் கையில் இடிக்காது.

அப்புறம் ஒரு சந்தேகம். அறிவியல் 44 என்றீர்களே, நூறுக்கா, 75க்கா? பத்தாவதில் எழுத்துத் தேர்வுக்கு 75தான், மீதி 25 செய்முறைக்கு.

15 அக்டோபர்

75க்குத்தானாம். பிள்ளையை 44 என்று ஒரு வாரமாகத் திட்டியிருக்கிறார்கள். அவளும் வாயைத் திறந்து சொல்லவில்லை. மொத்தம் 475க்கு 241.

நேற்றுப் பொதுத்தேர்வு அட்டவணையும் வந்துவிட்டது. மார்ச் 28 தமிழ், ஏப்ரல் 2 ஆங்கிலம், 7 கணக்கு, 11 அறிவியல், 15 சமூக அறிவியல். சாயங்காலமே கடையில் பிரிண்ட் எடுக்க ஒரே கூட்டம். ஒரு பையன் அதைப் பார்த்துவிட்டு, "அண்ணா, சயின்ஸுக்கு மூணு நாள் லீவு, அதுல முடிச்சிரலாம்" என்றான். அக்டோபரில் நின்றுகொண்டு ஏப்ரலில் கிடைக்கிற மூன்று நாளைச் செலவு செய்துவிட்டான்.

எபிங்ஹாஸ் என்கிற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து தன் ஞாபகத்தையே அளந்து பார்த்து 1885இல் புத்தகம் போட்டார். ஒரே மூச்சில் 68 தடவை திருப்பிச் சொல்லிப் பெற்ற பலன், மூன்று நாளாகப் பிரித்துச் சொன்னபோது 38 தடவையிலேயே கிடைத்ததாம். இடைவெளி விட்டுப் படித்தால் வேலை கிட்டத்தட்ட பாதியாகக் குறைகிறது. நம் பையன்கள் அந்த மூன்று நாளையும் ஒரே மூச்சாக ஆக்கிவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

22 அக்டோபர்

இரண்டு மணி நேரம் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று முதலில் எழுதியிருந்தார். அதற்கு வருகிறேன்.

படித்ததையே படிப்பது சுகமான வேலை. இரண்டாம் தடவை கண் வேகமாக ஓடும், மூன்றாம் தடவை எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். 2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு கூட்டம் ஒரு பாடப்பகுதியை நாலு சுற்றும் படித்தது. இன்னொரு கூட்டம் ஒரு சுற்று படித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றிலும் பார்க்காமல் ஞாபகத்திலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் நாலு சுற்று படித்தவர்கள் 83 சதவீதம் சொன்னார்கள், எழுதியவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. தலைகீழ். இதில் வேடிக்கை என்னவென்றால், நன்றாக ஞாபகம் இருக்கும் என்று அதிகம் நம்பினவர்கள் திரும்பத் திரும்பப் படித்தவர்கள்தான்.

என் கடையில் ஒரு பக்கம் வீணான தாள் தினமும் ஒரு கட்டு சேரும். மை தீர்ந்தது, கோணலாக எடுத்தது, ஆதார் அட்டையைத் தலைகீழாக வைத்தது. ஆதார் தாளைக் கிழித்துவிட்டு மற்றதைப் பின்னறையில் வைத்துவிடுவேன். விதி ஒன்றுதான். புத்தகத்தைப் பத்து நிமிடம் பார், மூடு, இந்தத் தாளில் எழுது, திறந்து சிவப்புப் பேனாவால் திருத்து. முதல் நாள் பிள்ளைகள் அழாத குறை. நாலு வரி வராது. "அண்ணா, படிச்சேண்ணா, சத்தியமா படிச்சேன்" என்பார்கள். படித்ததை நானும் பார்த்தேன் கண்ணு, ஏறவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வாரம் போனால் நாலு வரி எட்டாகும். பிள்ளைக்கே கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் அது. நீங்கள் தேடின ஊக்கம் வருவதாக இருந்தால் இந்த வழியாகத்தான் வரும் என்பது என் அபிப்பிராயம். வராவிட்டாலும் எட்டு வரி மிச்சம்.

24 அக்டோபர்

"மனப்பாடத்தைத்தானே சொல்லித் தருகிறீர்கள்" என்று கோபமாக ஒருவர். புரியாமல் ஒப்பிப்பதை யாரும் சொல்லவில்லை. ஒளிவிலகல் என்றால் என்னவென்று பார்க்காமல் சொந்த வாக்கியத்தில் எழுதச் சொல்லிப் பாருங்கள். புரியாதவனுக்கு இரண்டாம் வரி வராது. எது புரியவில்லை என்று காட்டிக் கொடுப்பதற்கே அந்தத் தாள்.

ஆனால் பத்தாவதில் ஒப்பிக்க வேண்டியதும் உண்டு. திருக்குறள், ஆங்கில மெமரி போயம், சமூக அறிவியலில் ஆண்டுகள். ஒன் வேர்டு என்கிற ஒரு மார்க் கேள்விகள் பெரும்பாலும் புக் பேக்கிலிருந்து, அதாவது பாடத்தின் கடைசியில் இருக்கிற பயிற்சியிலிருந்து. அதையும் கேவலமாகப் பேசினால் பாஸ் ஆக வேண்டிய பிள்ளைக்கு யார் பதில் சொல்வது?

2 நவம்பர்

தீபாவளி முடிந்து காது இன்னும் அடைத்தே இருக்கிறது. நானூறு எடுத்தால் போன் என்ற விஷயத்தைப் பலர் கிளப்பிவிட்டீர்கள்.

1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர் ஒரு நர்சரிப் பள்ளியில் செய்த சோதனை பிரபலம். படம் வரைவதில் ஆசை இருந்த குழந்தைகளில் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் என்று முன்கூட்டியே ஆசை காட்டினார்கள். அவர்கள் பிற்பாடு சும்மா இருக்கிற நேரத்தில் மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் வாங்கின குழந்தைகளுக்கு அப்படி ஆகவில்லை.

இதைக் காட்டிப் பரிசே கூடாது என்பவர்களோடு நான் முழுசாக ஒத்துப்போக மாட்டேன். அந்தக் குழந்தைகளுக்கு ஏற்கெனவே வரைவதில் ஆசை இருந்தது. நம் பிள்ளைக்குக் கணக்கில் ஆசையே இல்லையே, பரிசால் கெட்டுப்போக என்ன இருக்கிறது? எனக்கு உறுத்துவது அந்த நானூறு. 241இல் நிற்கிற பிள்ளைக்கு நானூறு கண்ணுக்கே எட்டாத தூரம். கிடைக்கப் போவதில்லை என்று முதல் நாளே கணக்குப் போட்டுவிடும், அந்த அளவுக்குக் கணக்கு எல்லோருக்கும் வரும். இந்த வாரம் மூன்று கிராஃப் தப்பில்லாமல் போட்டால் சனிக்கிழமை நம்ம சேலத்துத் தீனி தட்டுவடை செட் என்று சொல்லிப் பாருங்கள். அதில் வாக்கு மாறினாலும் பெரிய நஷ்டமில்லை. போன் விஷயத்தில் அப்பா வாக்கு மாறினால் வீடு தாங்காது.

17 நவம்பர்

ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியதை எல்லோரும் படியுங்கள். அங்கே பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பவர். "அண்ணா, நாலு கூறாகப் பிரிக்கச் சொன்னீர்கள். எங்கள் பிள்ளைகளுக்கு எல்லா மார்க்கும் முதல் கூறிலேயே விழுகிறது. சுத்தமாகத் தெரியாது, அவ்வளவுதான். இப்போது காப்பிப் பழம் எடுக்கிற காலம். அம்மா அப்பா விடியலில் எஸ்டேட்டுக்குப் போனால் சின்னதுகளைப் பார்த்துக்கொள்வது பெரிய பிள்ளை. ஜனவரி வரை இதுதான். அரையாண்டு நடுவில் வந்து விழுகிறது" என்கிறார்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. நான் சொன்ன பிரிக்கிற வேலை, அடித்தளம் இருந்து மேலே ஒழுகுகிற பிள்ளைக்குத்தான். என் பின்னறையிலும் ஒரு பையன் இருந்தான். முக்கோணவியல் சூத்திரம் எல்லாம் கடகடவென்று சொல்வான். கணக்கு மட்டும் வராது. ஒரு நாள் அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டச் சொன்னேன். மேலே ஒன்றும் ஒன்றும் இரண்டு, கீழே இரண்டும் மூன்றும் ஐந்து, ஐந்தில் இரண்டு என்றான். சந்தேகமே இல்லாமல் சொன்னான். அவன் நின்றுபோனது ஆறாம் வகுப்பில். அதற்குமேல் நாலு வருஷமாக யாரும் கவனிக்காமல் அடுத்த வகுப்புக்கு ஏற்றி ஏற்றி அனுப்பிவிட்டார்கள். பத்தாவது விடைத்தாளைப் பிரித்து அவனுக்கு என்ன ஆகப் போகிறது?

ஆறாவது, ஏழாவது கணக்குப் புத்தகத்தை எடுக்க வேண்டியதுதான். பின்னம், குறை எண்கள், வாய்ப்பாடு, எளிய சமன்பாடு, இவ்வளவு போதும். வெட்கப்படுவார்கள். அவனுக்கு ஆறாவது புத்தகத்துக்குப் பழுப்பு அட்டை போட்டுக் கொடுத்தேன், மேலே 'கணக்கு' என்று மட்டும் எழுதி. பழைய புத்தகம் கிடைக்காவிட்டால் அரசுப் பாடநூல் எல்லாம் பிடிஎஃப்பாக இலவசமாகவே இருக்கிறது. மெல்லக் கற்போர் கையேடு என்று வருகிறதே, அது பாஸ் ஆக்கும். பின்னம் சொல்லித் தராது. இரண்டும் வேண்டும்.

காப்பிப் பழக் காலத்துக்கு என்னிடம் மருந்து இல்லை. உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலை நேரமாவது மிஞ்சும். வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்குப் பள்ளிக்குள் இருக்கிற நேரமே படிப்பு நேரம். வீட்டுப்பாடத்தைக் குறைத்து, வகுப்பிலேயே தாளில் எழுத வையுங்கள் தங்கச்சி. தாள் கட்டு வேண்டுமென்றால் ஏற்காடு பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். கீழேயிருந்து மேலே போகிற காய்கறிக் கூடைகளோடு அதுவும் வரட்டும்.

4 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டதால் தாள் கட்டு கீழேயே இருக்கிறது. நேராகப் போகிற பாதை சரியாகட்டும். குப்பனூர் வழியாக அனுப்பலாமே என்கிறார் ஒருவர். வீணான தாளுக்காக எந்த டிரைவரும் உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

6 ஜனவரி 2025

அரையாண்டு கணக்குத் தாள் வந்துவிட்டது. அம்மாப்பேட்டைப் பெண் 54. ஒன் வேர்டு 11, இரண்டு மார்க் 13, ஐந்து மார்க் 17, வடிவியலும் கிராஃபும் சேர்ந்து 13. வாழ்த்துகள் குவிகின்றன, நானும் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் ஐந்து மார்க்கைப் பாருங்கள். 16 இருந்தது, 17 ஆகியிருக்கிறது. ஏறினதெல்லாம் சீக்கிரம் ஏறக்கூடிய இடங்களில். இனிமேல் ஏறுவது மெதுவாகத்தான் இருக்கும், அதைப் பிள்ளையிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த திருப்புதல் தேர்வில் 56 வந்ததும் மறுபடி "மனசு வரல" தொடங்கும். பதினாலு கேள்வியில் பத்து எழுத வேண்டும், அதில் 42வது கேள்வி கட்டாயம். எட்டுப் பாடத்தையும் தொட வேண்டாம். அவளுக்குப் பிடித்ததாக நாலு பாடத்தை எடுத்து, அதில் ஐந்து மார்க் கணக்குகளை மட்டும் போட்டுப் பழகட்டும்.

ஆங்கிலம் 48இலிருந்து 44. கணக்குக்கு நேரம் கொடுத்தால் ஏதாவது ஒன்றிலிருந்துதான் அந்த நேரம் வரும். அதற்காகத் திட்ட வேண்டாம்.

12 ஜனவரி

நடுவில் ஒரு தகவல் வந்தது, அதை முதலிலேயே கேட்டிருக்கலாம். அம்மாப்பேட்டைத் தங்கச்சி வீட்டில் விசைத்தறி ராத்திரி பத்து வரை ஓடுமாம். அதற்குப் பிறகு படிக்க உட்கார்ந்து, பன்னிரண்டரைக்குப் படுத்து, ஐந்துக்கு எழுந்திருக்கிறாள். பதினைந்து வயசுப் பிள்ளைக்கு எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். பகலில் படித்தது மண்டையில் தங்குவதற்கும் ராத்திரித் தூக்கம்தான் வேலை செய்கிறது. தறியை எட்டுக்கு நிறுத்துங்கள் என்று நான் சொல்ல முடியாது, கூலி பீஸ் கணக்கில். பள்ளி முடிந்து வீட்டுக்குப் போகாமல் நூலகத்திலோ தோழி வீட்டிலோ ஏழரை வரை உட்கார்ந்துவிட்டு, வந்து சாப்பிட்டு ஒன்பதரைக்குப் படுத்துவிடட்டும். தறிச் சத்தத்தில் படிக்க முடியாது, ஆனால் பிறந்ததிலிருந்து கேட்கிற சத்தத்தில் தூங்க முடியும். இதைத் தறிக்கார வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் சொல்வார்கள்.

கண்ணையும் ஒரு தடவை காட்டிவிடுங்கள். போர்டில் இருப்பதை நேராகப் பார்த்து எழுதாமல் பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பார்த்து எழுதுகிறாளா என்று கேளுங்கள். பள்ளிகளில் கண் பரிசோதனை செய்து இலவசமாகக் கண்ணாடி கொடுக்கிறார்கள். அந்த நாளில் லீவு போட்ட பிள்ளைகள் விட்டுப்போயிருக்கும்.

20 ஜனவரி

கண் நன்றாக இருக்கிறதாம். நல்லது. பரீட்சைக்குப் பேனாவை ராஜகணபதி கோயிலில் வைத்து எடுக்கலாமா என்று ஒரு தம்பி கேட்கிறான். தாராளமாக. இரண்டு பேனாவாக வை, ஒன்று எழுதாது.

9 பிப்ரவரி

டியூஷன் மாற்றலாமா என்று அம்மாப்பேட்டையிலிருந்து கேள்வி. ஐந்து ரோடு பக்கம் புதிதாக ஒரு இடத்தில் 'நாற்பது நாளில் நானூறு' என்று போர்டு வைத்திருக்கிறார்களாம், அப்பா அந்த நானூறை இன்னும் விடவில்லை போலிருக்கிறது.

பிப்ரவரியில் மாற்றாதீர்கள். புது சார் தன் நோட்ஸை முதலிலிருந்து ஆரம்பிப்பார். அவள் ஏற்கெனவே வேறு முறையில் போட்டுப் பழகின கணக்கை எல்லாம் அவர் முறைக்கு மாற்றச் சொல்வார். புது கைடும் வேண்டாம், பழைய கைடில் பார்க்காத பக்கம் நிறைய இருக்கும். அந்தப் பணத்துக்கு முந்தைய வருஷக் கேள்வித்தாள்களை எடுத்து, வாரம் ஒரு பாடமாக, ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்கு உட்கார வைத்து ஒன்றேகால் வரை எழுத விடுங்கள். பொதுத்தேர்விலும் அதே நேரம்தான். இடையில் டீ, தண்ணி, அத்தை வந்திருக்கிறாள் என்று கூப்பிடக் கூடாது. எழுதி முடித்ததும் மறுபடி அந்த நாலு கூறு.

கேள்வித்தாள் ஜெராக்ஸ் எடுக்க என் கடைக்கு வந்தால் பக்கத்துக்கு ஐம்பது பைசா குறைத்துக்கொள்கிறேன். நோட்டை முழுசாக எடுக்க வந்தால் பழைய ரேட்தான்.